டாலஸ் வட்டாரத் தமிழ் நண்பர்களுக்கு, ரியல் எஸ்டேட் லைசென்ஸ் வைத்திருக்கும் ஓர் அக்கா எழுதுவது

ஃபிரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னி, இர்விங், கொப்பெல் எங்கும் இருக்கும் நண்பர்களே,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிறந்தநாள் விழாவில் பிரியாணித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். கால் மணி நேரத்துக்குள் மூன்று பேர் வந்தார்கள். முதல் தம்பி, "அக்கா, நானே லைசென்ஸ் எடுத்து என் வீட்டை நானே வாங்கிட்டா கமிஷன் மிச்சம்தானே?" என்றார். இரண்டாமவர், மனைவி பெயரில் லைசென்ஸ் எடுக்கப் போவதாகவும், வார இறுதியில் வீடு காட்டும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். மூன்றாமவர் காதருகே குனிந்து, "நான் அனுப்பின பார்ட்டி வீடு முடிச்சுட்டாங்களாமே, நமக்கு ஒண்ணும் இல்லையா?" என்று சிரித்தார்.

மூன்று பேருக்கும் தட்டை வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் பேசலாம் என்று மழுப்பிவிட்டு வந்தேன். அந்த அப்புறம்தான் இந்த மடல்.

நான் கோவில்பட்டிப் பக்கம். எங்கள் ஊரில் நிலம் முடித்துக் கொடுப்பவரை புரோக்கர் என்போம். யார் வீட்டுப் பத்திரம் எந்த வங்கியில் இருக்கிறது என்பது வரைக்கும் அவருக்கு மனப்பாடம்; டீக்கடை பெஞ்சுதான் அலுவலகம். ரேரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் வந்த பிறகு, பதிவு பெற்ற திட்டங்களை விற்பவர்களுக்கு அங்கேயும் பதிவு கட்டாயமாகிவிட்டது என்றாலும், நம் மனதில் இருப்பது என்னவோ அந்தப் பழைய புரோக்கர்தான். இங்கே டெக்சாஸில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. புரோக்கர் என்பவர் மேல்படியில் இருப்பவர். பல வருட அனுபவமும் கூடுதல் படிப்பும் காட்டித் தனி லைசென்ஸ் வாங்கியவர். நான் அவருக்குக் கீழே சேல்ஸ் ஏஜென்ட். 2019ல் லைசென்ஸ் எடுத்தேன், மூன்று முறை புதுப்பித்துவிட்டேன். புரோக்கர் ஒருவர் என்னை ஸ்பான்சர் செய்யும் வரைக்கும்தான் என் லைசென்ஸுக்கு உயிர். அவர் கையை எடுத்துவிட்டால், காகிதம் என்னிடமே இருக்கும். நான் ஒரு கதவைக்கூடத் திறந்து காட்ட முடியாது. கமிஷனும் நேராக என் கைக்கு வராது. புரோக்கருக்குப் போய், அவர் பங்கு போக மீதிதான் எனக்கு.

சரி, முதல் தம்பியின் கேள்வி. லைசென்ஸ் கொடுப்பது டெக்சாஸ் ரியல் எஸ்டேட் கமிஷன் என்ற மாநில அரசு ஆணையம். எல்லாரும் ட்ரெக் என்று சொல்வார்கள். ஆறு பாடங்கள், ஒவ்வொன்றும் 30 மணி நேரம், மொத்தம் 180. அடிப்படை இரண்டு, ஏஜென்சி சட்டம், ஒப்பந்தச் சட்டம், ட்ரெக்கின் ஒப்பந்தப் படிவங்கள், வீட்டுக்கடன். எல்லாம் ஆன்லைனில் படிக்கலாம். விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். கைரேகை எடுத்து, ஏதாவது வழக்கு இருக்கிறதா என்று பின்னணி பார்ப்பார்கள். அப்புறம் பியர்சன் வியூ மையத்தில் தேர்வு.

தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நம்மவர்கள் அதை ரொம்ப லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐஐடி நுழைவுத் தேர்வு எழுதியவனுக்கு இதெல்லாம் ஒரு தேர்வா என்ற நினைப்பு. தேசியப் பகுதி, மாநிலப் பகுதி என்று இரண்டு. இரண்டிலும் தனித்தனியாக நூற்றுக்கு எழுபதாவது வாங்க வேண்டும். நான் போன அன்றைக்கு பாக்கெட்டை வெளியே இழுத்துக் காட்டச் சொன்னார்கள், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிப் பார்த்தார்கள், தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கச் சொன்னார்கள். தேசியப் பகுதியில் தேறிவிட்டேன். மாநிலப் பகுதியில் கோட்டைவிட்டேன். கணக்கில் இல்லை, 'உங்கள் கிளையன்ட் ஒரு விஷயத்தைச் சொல்லாதே என்கிறார், அது வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய குறைபாடு, என்ன செய்வீர்கள்?' என்பது மாதிரிக் கேள்விகளில். நான் மனிதாபிமானமாக யோசித்துப் பதில் போட்டிருந்தேன். சட்டம் கேட்டது வேறு. மறுபடி படித்து இரண்டாம் முறையில் தேறினேன். மூன்று முறை தவறினால், நான்காவது முறை உட்காருவதற்கு முன்னால் தவறிய ஒரு பகுதிக்கு 30 மணி நேரம், இரண்டுமென்றால் 60 மணி நேரம் கூடுதலாகப் படிக்க வேண்டும்.

இதையெல்லாம் தாண்டிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். வீட்டை வாங்கியும் விட்டீர்கள். இரண்டே வருடத்தில் முதல் புதுப்பித்தல் வந்து நிற்கும். அதற்கு இன்னும் 90 மணி நேரப் பாடம், அதோடு சட்ட அப்டேட் என்று நான்கு நான்கு மணி நேரமாக இரண்டு வகுப்புகள். ஆக 98. இதை லைசென்ஸ் எடுக்கும்போது யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. நானும் முதல் வருடம் முழுக்க அதை மறந்தேவிட்டேன். கடைசி ஆறு வாரத்தில், பையன் தூங்கிய பிறகு சமையல் மேடையில் லேப்டாப்பை வைத்து, சாம்பார் ஆறுவதற்குள் ஒரு பாடம் என்று ஓட்டினேன். அந்த ஆன்லைன் வகுப்புகளில் நேரக் கணக்கு உண்டு. வேகமாகப் படித்து முடித்தாலும் கடிகாரம் விடாது. இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டு ஆய்வு பற்றிய பாடத்தில் தண்ணீர் ஹீட்டர் படத்தை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வரும் புதுப்பித்தல்களுக்கு இரண்டு வருடத்துக்கு 18 மணி நேரம், அதில் 8 மணி நேரம் அந்தச் சட்ட அப்டேட். அது சமாளிக்கக்கூடியது.

ஒரு வீட்டுக்காக இவ்வளவு எதற்கு? கமிஷன்தான் உறுத்தல் என்றால் ஏஜென்டிடம் பேரம் பேசுங்கள். கமிஷனுக்கு அரசு வைத்த வீதம் என்று எதுவும் கிடையாது. 2024 ஆகஸ்டில் ஏஜென்டுகளின் அமைப்பான தேசிய ரியல்டர் சங்கத்தின் கமிஷன் வழக்குச் சமரசம் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, வாங்குபவர் தன் ஏஜென்டுக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் டெக்சாஸ் சட்டமே அதைச் சொல்கிறது: வாங்குபவரோடு எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் ஏஜென்ட் ஒரு குடியிருப்பைக் காட்டக் கூடாது. 'சும்மா உள்ள போய் எட்டிப் பார்த்துட்டு வரலாம் அக்கா' என்று நீங்கள் கூப்பிடும்போது நான் கையெழுத்துக் கேட்பது உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமல் அல்ல. காட்ட மட்டும் செய்கிறேன், உங்கள் பிரதிநிதி அல்ல என்று சொல்லும் குறுகிய கால ஒப்பந்தமும் இருக்கிறது. அதற்கும் கையெழுத்து வேண்டும்.

இரண்டாமவருக்கு இப்போது. அண்ணா, உங்கள் மேல் அக்கறை இருப்பதால் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். வேலை செய்ய அனுமதிப்பது ஃபெடரல் அரசு. ஒன்று கையில் இருப்பதால் மற்றது இருப்பதாக ஆகாது. நீங்கள் எச்1பி வேலை விசாவில் இருக்கிறீர்கள். உங்கள் கம்பெனிக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். மனைவிக்கு எச்4 ஈஏடி, அதாவது எச்1பிக்காரரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி அட்டை, இருக்கிறது, நல்லது. 2015 மே மாதம் அந்த விதி வந்ததால்தான் என்னைப் போன்ற எத்தனையோ பெண்கள் வீட்டை விட்டு வெளியே வேலைக்கு வந்தோம். அவர் தாராளமாக இந்தத் தொழில் செய்யலாம். ஆனால் அவர் லைசென்ஸை வைத்துக்கொண்டு நீங்கள் சனிக்கிழமை வீடு காட்டினால் இரண்டு பக்கமும் அடி. உங்கள் விசா ஒரு பக்கம். லைசென்ஸ் இல்லாமல் இந்த வேலை செய்வது டெக்சாஸில் கிரிமினல் குற்றம் என்பது இன்னொரு பக்கம். அதற்கு இடம் கொடுத்ததற்காக மனைவியின் லைசென்ஸும் ஆட்டம் காணும்.

எச்4 ஈஏடியில் இருக்கும் தங்கைகளுக்கு இன்னொன்று. உங்களுக்கு இரண்டு கடிகாரம் ஓடுகிறது: லைசென்ஸ் காலாவதி ஒன்று, ஈஏடி காலாவதி இன்னொன்று. 2025 அக்டோபர் 30 முதல் போடும் புதுப்பிப்பு விண்ணப்பங்களுக்கு முன்பிருந்த தானியங்கி நீட்டிப்பு கிடையாது. பழைய அட்டை முடிந்து புது அட்டை வராத நாட்களில், லைசென்ஸ் என்னதான் உயிரோடு இருந்தாலும் வேலையை நிறுத்த வேண்டும். நடுவில் ஒரு கிளையன்ட் வீடு முடிக்கும் தறுவாயில் இருந்தால்? அதை முன்கூட்டியே புரோக்கரிடம் பேசி, கைமாற்றிக் கொடுக்க ஆள் பார்த்து வையுங்கள். மாதச் சம்பளம் இல்லாத வேலை இது என்பதும் தெரிந்திருக்கட்டும். 1099 என்ற படிவத்தில் வரும் ஒப்பந்த வருமானம், 15.3 சதவீத சுயதொழில் வரியை நாமே கட்ட வேண்டும்.

மூன்றாமவருக்கு என் பதில்: ஒன்றும் இல்லை. ஆள் பிடித்துக் கொடுத்ததற்காக, லைசென்ஸ் இல்லாத ஒருவருக்கு நான் பணம் கொடுக்கக் கூடாது. 500 டாலரும் கூடாது, 100 டாலரும் கூடாது. காசாக மாற்ற முடியாத, 50 டாலருக்கு மிகாத ஒரு பொருளைப் பரிசாகக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. தீபாவளிக்கு என்னிடமிருந்து மைசூர்பா டப்பா மட்டும் வருவதற்குக் காரணம் இதுதான். கஞ்சத்தனம் என்று பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது. வீடு வாங்குபவருக்கே என் கமிஷனில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பது வேறு விஷயம். டெக்சாஸில் அது செல்லும். ஆனால் புரோக்கர் வழியாக, எழுத்தில், கடன் கொடுக்கும் வங்கிக்குத் தெரிந்து. 'குளோசிங் முடிஞ்சதும் கவர்ல போட்டுக் கொடுத்துடுங்க' என்று ஒருவர் கேட்டார். வங்கியிடம் மறைத்தால் அது கடன் மோசடியில் போய் முடியும் என்று சொன்னதும் அவர் வேறு ஏஜென்டிடம் போய்விட்டார்.

இந்த மூன்று கேள்விக்கும் மேலே ஒன்று இருக்கிறது. அது எனக்கு வாரத்துக்கு ஐந்து தடவையாவது வாட்ஸ்அப்பில் வரும். "அக்கா, நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற சப்டிவிஷன் எது?"

இதற்கு நான் பதில் சொல்வதில்லை. தெரியாமல் இல்லை, எந்தத் தெருவில் எந்த வீட்டு வாசலில் கோலம் இருக்கிறது என்பது வரைக்கும் தெரியும். சொல்லக் கூடாது. மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு ஒரு வாரத்தில், 1968 ஏப்ரல் 11 அன்று கையெழுத்தான நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இது. கறுப்பின மக்களுக்கு இந்தத் தெருவில் வீடு கிடையாது, அந்தப் பக்கம் போ என்று ஏஜென்டுகளே தள்ளிவிட்ட காலம் ஒன்று இந்த நாட்டில் இருந்தது. அதனால், ஒருவரின் இனம், நிறம், மதம், பூர்வீகம் இதையெல்லாம் பார்த்து ஒரு ஏஜென்ட் அவரை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடுவதே குற்றம். ஸ்டீரிங் என்று பெயர். நாம் நல்ல எண்ணத்தில் கேட்கிறோம், பக்கத்து வீட்டில் குழந்தைக்குத் தமிழ் பேச ஆள் இருக்கட்டும் என்று. புரிகிறது. ஆனால் நான் இன்று உங்களுக்கு 'இந்தத் தெரு நம்மவர்கள்' என்று சொன்னால், நாளைக்கு ஒரு வெள்ளைக்கார ஏஜென்ட் உங்களிடம் 'உங்கள் ஆட்கள் அந்தப் பக்கம்' என்று சொல்லும்போது நீங்கள் என்ன சொல்வீர்கள்?

வேறு மாதிரிக் கேளுங்கள். ஃபிரிஸ்கோ அனுமன் கோயிலிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள், நான்கு படுக்கையறை, இவ்வளவு விலைக்குள் என்று இடத்தையும் தூரத்தையும் நீங்கள் சொன்னால் ராத்திரிக்குள் பட்டியல் அனுப்பிவிடுவேன். பள்ளி எப்படி என்றால், டெக்சாஸ் கல்வித்துறை வெளியிடும் மதிப்பீடு எங்கே இருக்கிறது என்று காட்டுவேன். நல்ல பள்ளி, மோசமான பள்ளி என்று என் வாயால் சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் தெருவில் நீங்களே ஒரு நடை நடந்து பாருங்கள். கோலம் உங்கள் கண்ணுக்கும் தெரியும்.

வாடகைக்கு விடுபவர்களும் இதில் சேர்த்தி. 'தமிழ் ஃபேமிலி மட்டும், சின்னக் குழந்தை வேண்டாம்' என்று விளம்பரம் போடச் சொன்னார் ஒருவர். ஒரே வரியில் இரண்டு மீறல்: பூர்வீகம் ஒன்று, குழந்தைகள் உள்ள குடும்பம் இன்னொன்று. அவர் வீடு, அவர் இஷ்டம் என்றார். ஊரில் 'சைவர்களுக்கு மட்டும்' என்று போர்டு மாட்டிப் பழகிய கை. என்னால் போட முடியாது என்றேன். அவரே போட்டாலும் தப்புதான் என்றும் சொன்னேன். ஆறு மாதம் என்னோடு பேசவில்லை.

இந்த லைசென்ஸில் எதிரியால் எனக்கு ஒரு தொல்லையும் வந்ததில்லை. வந்ததெல்லாம் பிரியமானவர்களால்தான். பொங்கல் விழாவுக்கு ஸ்பான்சர் செய்தேன். ஆர்வக்கோளாறில் ஒரு தம்பி பேனர் வடிவமைத்தார்: என் படம் ஆள் உயரத்துக்கு, பெயர் அரை அடி எழுத்தில், கூடவே 'டெக்சாஸின் நம்பர் ஒன் தமிழ் புரோக்கர்'. என் புரோக்கர் பெயர் எங்கேயும் இல்லை. ட்ரெக் விதிப்படி ஏஜென்டின் எந்த விளம்பரத்திலும் புரோக்கர் பெயர் இருக்க வேண்டும். என் தொடர்பு விவரத்தில் பெரிதாக இருக்கும் எழுத்தில் குறைந்தது பாதி அளவுக்காவது இருக்க வேண்டும். சேல்ஸ் ஏஜென்ட் தன்னை புரோக்கர் என்று காட்டிக்கொள்ளவும் கூடாது. விழாவுக்கு முந்தின இரவு, அரங்கத்தின் பின்பக்கம் ஏணி போட்டு ஏறி அந்தப் பேனரை நானே கழற்றினேன். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. அவருக்கு இங்கே மறுபடி ஒரு மன்னிப்பு.

இன்னொரு சம்பவத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தத் தம்பதியிடம் பெயர் போடாமல் எழுத அனுமதி வாங்கிவிட்டேன். காலின் கவுண்டியில் ஒரு பத்து வருட வீடு. இங்கே மண் நம் கோவில்பட்டிக் கரிசலுக்குச் சகோதரி. மழையில் வீங்கும், வெயிலில் வெடிக்கும். அதனால்தான் இந்த ஊரில் செடிக்கு விடுகிற மாதிரி வீட்டு அஸ்திவாரத்துக்கும் தண்ணீர் விடுகிறார்கள். வீட்டு ஆய்வில், கதவு நிலைக்கு மேலே சாய்வாக ஒரு விரிசல். அஸ்திவாரத்தைப் பற்றிச் சந்தேகம். ஏழு நாள் ஆப்ஷன் காலம் எடுத்திருந்தார்கள். அதற்குள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம், ஆப்ஷன் கட்டணம் மட்டும் போகும். ஏழாம் நாள் மாலை ஐந்து மணிக்குள் அறிவிப்பு போய்ச் சேர வேண்டும். ஐந்து என்றால் ஐந்து.

மணி 4.20. கணவர் அலுவலகக் கூட்டத்தில். அவருடைய மனைவி, "சாயங்காலம் வந்ததும் பேசிட்டுச் சொல்றோம் அக்கா" என்கிறார். நான் ஒரு மளிகைக் கடை வாகன நிறுத்தத்தில், வெளியே 104 டிகிரி, காருக்குள் வெண்டைக்காய் வதங்குகிறது. நான்கு முறை கூப்பிட்டேன். 4.41க்கு அவர் வெளியே வந்தார். 4.47க்கு இருவரும் மின்கையெழுத்துப் போட்டார்கள். 4.49க்கு எதிர்த்தரப்பு ஏஜென்டுக்கு அனுப்பினேன். வந்து சேர்ந்தது என்று பதில் வந்தபோது 4.53. முன்பணம் ஆயிரக்கணக்கான டாலர் தப்பியது. ராத்திரி அவர் போனில் நன்றி சொன்னார். அப்புறம் விளையாட்டாகக் கேட்டார்: "அஞ்சு மணி தாண்டியிருந்தா, நேரத்தைக் கொஞ்சம் முன்னாடி போட்டு அனுப்பியிருப்பீங்கதானே?"

மாட்டேன் என்றேன். கொஞ்ச நேரம் அவர் பக்கம் சத்தமே இல்லை. உங்களுக்காகத்தான் ஓடுகிறேன், உங்கள் நன்மையை என் நன்மைக்கு மேலே வைக்க வேண்டியது என் கடமை. ஆனாலும் எதிர்த்தரப்பிடம் பொய் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அதேபோல், ட்ரெக் படிவத்தில் கோடிட்ட இடங்களை நிரப்பத்தான் எனக்கு உரிமை. 'இப்படி ஒரு ஷரத்து சேர்த்துடுங்க' என்று நீங்கள் கேட்டால் அது வக்கீல் வேலை. நான் எழுதினால் லைசென்ஸ் போகும், நாளைக்கு அந்த வரியே உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம்.

முழுநேரமாகவோ பகுதிநேரமாகவோ உண்மையிலேயே இந்தத் தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்கு என் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. என் பழைய குறிப்புகள், ஒப்பந்தப் படிவங்களில் நான் பென்சிலால் கிறுக்கி வைத்தவை எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. மாநிலப் பகுதியில் நான் கோட்டைவிட்ட இடங்களைச் சிவப்பில் குறித்திருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்ளுங்கள்; அடுத்தவர் கேட்கும்போது திருப்பிக் கொடுத்தால் போதும்.

வீடு வாங்க வருபவர்கள் வங்கியின் முன் ஒப்புதல் கடிதத்தோடு வாருங்கள், நான் ஒப்பந்தத்தோடு வருகிறேன். புது வீடென்றால் பில்டர் அலுவலகத்துக்கு முதல் தடவை போகும்போதே கூப்பிடுங்கள். தனியாகப் போய்ப் பெயர் பதிந்துவிட்டு இரண்டாம் தடவை கூப்பிட்டால், பல பில்டர்கள் உங்களுக்கு ஏஜென்ட் இருப்பதாகவே ஒத்துக்கொள்வதில்லை. மட் வரி (தண்ணீர், கழிவுநீர் வசதிக்காகப் புதுக் குடியிருப்புகளில் போடும் வரி) எவ்வளவு என்பதையும் அன்றைக்கே கேட்டு எழுதி வாங்குங்கள். மூன்று சதவீதத்தை நெருங்கும் சொத்து வரி ரசீது வந்த பிறகு என்னைத் திட்டிப் பயனில்லை.

அப்புறம், அந்தப் பிறந்தநாள் வீட்டில் பாதியில் விட்ட பிரியாணிக்கு ஒரு தட்டு பாக்கி இருக்கிறது. அதற்கு ட்ரெக் தடையில்லை.

அன்புடன்,
உங்கள் அக்கா